அரைவயிற்றுப் பேட்டரிகள்: சூரிய மின்சாரமும் சல்ஃபேட் படிவும்

மூடியைத் திருகி எடுத்து, ஹைட்ரோமீட்டரின் ரப்பர் மூக்கைச் செல்லுக்குள் விட்டு, மேலே உள்ள குமிழை அழுத்தி விட்டேன். அமிலம் கண்ணாடிக் குழாயில் ஏறியது, மிதவை தள்ளாடி நின்றது. நன்றாகச் சார்ஜ் ஏறிய டியூபுலர் இன்வெர்ட்டர் பேட்டரி என்றால் 27 டிகிரி வெப்பத்தில் அமில அடர்த்தி, அதாவது கிராவிட்டி, 1.240 காட்ட வேண்டும். எங்கள் தோட்டத்து வீட்டில் மூன்றாண்டு ஓடியிருந்த 150 ஆம்பியர்-மணி பேட்டரி முதல் செல்லில் 1.165 காட்டியது. அடுத்தடுத்த செல்களில் அதைவிடக் கொஞ்சம் குறைவு. கடைசிச் செல்லில் 1.140. மாலை நான்கு மணி, பகல் முழுக்க நல்ல வெயில், கன்ட்ரோலரில் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பார்க்க வந்த பேட்டரிக் கடைக்காரர் ஒரே வரியில் தீர்ப்புச் சொன்னார்: “பிளேட்டுல சல்பேட் ஏறிப்போச்சுண்ணே. இனி தேறாது, எக்ஸ்சேஞ்சுல போட்டுருங்க.”

நோயை அவர் சரியாகத்தான் சொன்னார். ஆனால் அது தேறாது என்பதும், மூன்றாண்டில் ஏன் இப்படி ஆனது என்பதும் தனிக் கேள்விகள். 2012 வாக்கில் தமிழ்நாட்டு ஊர்களில் நாளுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் மின்சாரம் போன காலத்தில் வீட்டுக்கு வீடு இன்வெர்ட்டர் வந்தது. பின்னால் பலர் அதனோடு சூரியத் தகட்டையும் சேர்த்தார்கள். அந்தப் பேட்டரிகளில் எத்தனையோ, ஆயுள் முடியும் முன்பே பழைய இரும்புக் கடைக்குப் போயிருக்கின்றன. அவற்றைப் பலி வாங்கிய காரணங்களில் முதன்மையானது சல்ஃபேட். அதைப் பற்றி நமக்குத் தெரிந்தவற்றையும், சந்தையில் நிலவும் நம்பிக்கைகளையும் எடைபோடுவதே இந்தக் கட்டுரையின் வேலை.

முதலில் ஒரு தவறான எண்ணத்தை விலக்கிவிட வேண்டும். சல்ஃபேட் என்பது வெளியிலிருந்து வந்து ஒட்டிக்கொள்ளும் அழுக்கு அல்ல. 1859இல் பிரான்சின் கஸ்தோன் பிளாந்தே ஈய-அமில பேட்டரியைச் செய்தார். 1882இல் கிளாட்ஸ்டன், டிரைப் என்ற இரு வேதியியலாளர்கள் அதனுள் நடப்பதை விளக்கினார்கள். மின்சாரம் எடுக்கும்போது எதிர்மின் தகட்டிலுள்ள ஈயமும் நேர்மின் தகட்டிலுள்ள ஈய டை ஆக்சைடும், இரண்டுமே, கந்தக அமிலத்தோடு சேர்ந்து ஈய சல்ஃபேட்டாக மாறுகின்றன. அமிலம் செலவாகித் தண்ணீர் உண்டாகிறது. அடர்த்தி குறைவது அதனால்தான். சார்ஜ் செய்தால் எல்லாம் திரும்புகிறது. சல்ஃபேட் உண்டாகாவிட்டால் மின்சாரமே கிடையாது.

அளவைக் கணக்கிட்டுப் பார்த்தால்தான் இதன் பருமன் புரியும். ஒரு ஆம்பியர்-மணி எடுத்தால் செல் ஒன்றுக்கு, இருபுறத் தகடுகளிலும் சேர்த்து, சுமார் 11 கிராம் ஈய சல்ஃபேட் உண்டாகும். 150 ஆம்பியர்-மணி பேட்டரியில் ஓர் இரவில் பாதியைச் செலவழித்தால் ஒரு செல்லுக்கு ஏறக்குறைய 850 கிராம். ஆறு செல்லுக்கும் ஐந்து கிலோ. மறுநாள் வெயில் சாய்வதற்குள் இந்த ஐந்து கிலோவும் ஈயமாகவும் ஈய டை ஆக்சைடாகவும் திரும்பியாக வேண்டும். மூன்று ஆம்பியர்-மணி மட்டும் குறைந்தாலும் செல்லுக்கு 34 கிராம் சல்ஃபேட் மிச்சம் நிற்கும்.

மிச்சம் நிற்பது ஏன் கெடுதல்? இங்கேதான் காலம் வேலை செய்கிறது. புதிதாக உண்டான சல்ஃபேட், மாவு போன்ற நுண்படிகம். அதற்கு மேற்பரப்பு அதிகம், எளிதில் கரைந்து வினைபுரியும். அப்படியே நாள்கணக்கில் விட்டால் சிறிய படிகங்கள் கரைந்து, அந்தப் பொருள் பெரிய படிகங்களின் மேல் போய்ப் படிகிறது. சிறியது அழிந்து பெரியது வளர்கிறது. வில்ஹெல்ம் ஆஸ்ட்வால்டு என்ற வேதியியலாளரின் பெயரால் அறியப்படும் இந்த நிகழ்வுக்கு நம் ஊர்ப் பனங்கற்கண்டை ஒப்புமை சொல்லலாம். காய்ச்சிய பாகை அசையாமல் வாரக்கணக்கில் வைத்தால் கட்டி கட்டியாகப் படிகம் விளைகிறது. பொடித்த சர்க்கரை வாயில் போட்டதும் கரையும், கற்கண்டைக் கடித்தால்தான் உடையும். தகட்டில் விளைவதும் அந்தக் கற்கண்டுதான். வேறுபாடு என்னவென்றால் ஈய சல்ஃபேட் பேட்டரி அமிலத்தில் லிட்டருக்குச் சில மில்லிகிராம் அளவே கரையும். பெரிய படிகத்தின் மேற்பரப்பும் சிறியது. ஆகவே சார்ஜ் மின்னோட்டம் அதைத் தொட வழியில்லாமல் தண்ணீரைப் பிளந்து வாயுவாக்கிவிட்டுப் போய்விடுகிறது. இதோடு பருமனும் சேர்ந்துகொள்கிறது. ஈயம் சல்ஃபேட்டாகும்போது அதன் கனஅளவு இரண்டரை மடங்குக்கு மேல் பெருகும். துளைகள் அடைபட்டு, அமிலம் தகட்டின் உள்ளே போக முடியாமல் போகிறது.

காரிலும் இதே பேட்டரிதான் இருக்கிறது, தொலைபேசி நிலையத்திலும் இருக்கிறது. அங்கெல்லாம் இந்தச் சிக்கல் இவ்வளவு இல்லை. காரில் ஸ்டார்ட் செய்ய ஒரு சிறு வாய் எடுத்துக்கொண்டு, மீதி நேரமெல்லாம் ஆல்டர்னேட்டர் ஊட்டிக்கொண்டே இருக்கிறது. தொலைபேசி நிலையப் பேட்டரி வருடத்தின் பெரும்பகுதி முழு வயிற்றோடு மிதவைச் சார்ஜில் கிடக்கிறது. சூரிய மின்சாரத்துக்குக் கட்டிய பேட்டரிதான் ஒவ்வொரு இரவும் காலியாகி, ஒவ்வொரு பகலும் எவ்வளவு கிடைக்குமோ அவ்வளவை வாங்கிக்கொள்கிறது.

அதிலும் கடைசிக் கவளம்தான் கடினம். ஈய-அமில பேட்டரி 80 சதவீதம் வரை விறுவிறுவென்று ஏறும். அதன் பிறகு மின்னழுத்தம் 14.4 வோல்ட்டைத் தொட்டுவிடும், மின்னோட்டம் தானாகவே சுருங்கத் தொடங்கும். மிச்சமுள்ள 20 சதவீதத்துக்கு நான்கைந்து மணி நேரமோ அதற்கு மேலோ ஆகும். மதியம் இரண்டு மணிக்கு 80 சதவீதம் ஏறிய பேட்டரிக்கு வெயில் மிச்சமிருப்பது மூன்று மணி நேரம். அதற்குள் யாராவது மிக்ஸியோ மோட்டாரோ போட்டால் கணக்கு இன்னும் குறையும். இப்படி நாள்தோறும் சில கிராம் சல்ஃபேட் திரும்பாமல் நின்று, மாதக்கணக்கில் கற்கண்டாகிறது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் தொடர்ந்து பத்து நாள் மேகம் கவிந்தால் சொல்லவே வேண்டாம்.

எங்கள் பேட்டரிக்கு நேர்ந்தது என்ன என்று கணக்குப் போட்டபோது குற்றவாளி மொட்டைமாடியிலேயே இருந்தது. 335 வாட் தகடு ஒன்றை, விலை குறைந்த பி.டபிள்யூ.எம். வகைக் கன்ட்ரோலர் வழியாக 12 வோல்ட் பேட்டரிக்குக் கொடுத்திருந்தார்கள். அந்தத் தகட்டுக்கு 72 செல், 37 வோல்ட்டில் சுமார் 9 ஆம்பியர் தரும். பி.டபிள்யூ.எம். கன்ட்ரோலர் வெறும் சுவிட்ச் போன்றது. மிகுதி வோல்ட்டை ஆம்பியராக மாற்றத் தெரியாது. ஆக பேட்டரிக்குப் போனது அதே 9 ஆம்பியர், 335 வாட்டில் 120 வாட் கூடத் தேறவில்லை. இரவில் 75 ஆம்பியர்-மணி வரை செலவு. சார்ஜிங்கில் வீணாகும் 10–15 சதவீதத்தையும் சேர்த்தால் திரும்பப் போட வேண்டியது 85 அளவில். 9 ஆம்பியர் வீதம் ஐந்து மணி நேர நல்ல வெயிலுக்கு 45தான். மூன்றாண்டும் அது அரைவயிற்றுக் கஞ்சியோடு கிடந்திருக்கிறது. பச்சை விளக்கு எரிந்தது, சார்ஜ் ஏறுகிறது என்பதற்கான அடையாளம் மட்டும்தான், நிறைந்துவிட்டது என்பதற்கானது அல்ல. அதே தகட்டை, மிகுதி வோல்ட்டை ஆம்பியராக மாற்றித் தரும் எம்.பி.பி.டி. கன்ட்ரோலரோடு சேர்த்திருந்தால் உச்சி வெயிலில் 20 ஆம்பியருக்கு மேல் கிடைத்திருக்கும். இந்தத் தவறான சேர்க்கையை நான் எத்தனையோ வீடுகளில் பார்த்துவிட்டேன். விற்பவர்கள் தகட்டின் வாட்டைச் சொல்கிறார்கள், பேட்டரிக்குள் எத்தனை ஆம்பியர் போகும் என்று யாரும் சொல்வதில்லை.

கேட்க வேண்டியது அந்த ஆம்பியரைத்தான். பேட்டரியின் கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 150 ஆம்பியர்-மணிக்கு 15 ஆம்பியர், நல்ல வெயிலில் கிடைத்தாக வேண்டும். கொள்ளளவைச் சொல்வதிலும் ஒரு நுட்பம் உண்டு. இன்வெர்ட்டர் பேட்டரிகளில் 150 என்று அச்சிட்டிருப்பது பெரும்பாலும் 20 மணி நேரத்தில் மெதுவாக எடுத்தால் கிடைக்கும் கணக்கு. சூரிய மின்சாரத்துக்கென்று விற்பவற்றில் 10 மணி நேரக் கணக்கு. அதே 20 மணிப் பேட்டரியைப் பத்து மணி நேரத்தில் காலி செய்தால் 120 அளவில்தான் நிற்கும். இரண்டும் ஒன்று என்று நினைத்து லோடு கொடுப்பவர் தினமும் பாதிக்கு மேல் இறக்குகிறார்.

அடுத்தது கட்-ஆஃப். இன்வெர்ட்டர்கள் பலவும் 10.5 வோல்ட்டில் நிற்கும்படி வைக்கப்பட்டவை. பெரிய லோடு ஓடும்போது இது சரி. மின்னோட்டத்தின் இழுப்பில் வோல்ட் தாழ்ந்திருக்கும், உள்ளே இன்னும் சரக்கு இருக்கும். ஒரே ஒரு பத்து வாட் பல்பு எரிந்துகொண்டிருந்து 10.5க்கு வந்தால் பேட்டரியில் பிழிந்தாலும் ஒன்றும் இல்லை என்று பொருள். ஊருக்குப் போகும்போது வாசல் விளக்கை அணைக்க மறந்துவிட்டுப் போகிறவர்களின் பேட்டரி இப்படித்தான் சாகிறது. சிறு லோடு ஓடும் வீட்டில் கட்-ஆஃபை 11.5 வோல்ட்டுக்கு மேலே ஏற்றி வைப்பது நல்லது.

அமில அடுக்கு என்று ஒன்றும் இருக்கிறது. சார்ஜ் ஏறும்போது தகட்டிலிருந்து வெளிவரும் அடர்ந்த அமிலம் கனமாக இருப்பதால் அடியில் இறங்கிவிடும். மேலே நீர்த்தும் கீழே அடர்ந்தும் நிற்கும்போது தகட்டின் அடிப்பகுதியில் சல்ஃபேட் கெட்டியாகிறது. டியூபுலர் பேட்டரிகள் உயரமானவை, அதனால் இந்தக் குறை அவற்றில் அதிகம். இதைக் கலக்கிவிட ஒரே இயற்கை வழி, சார்ஜின் கடைசியில் எழும் வாயுக் குமிழிகள். செல்லுக்கு 2.4 வோல்ட்டை ஒட்டித்தான் குமிழி வரும். முழுச் சார்ஜை எட்டாத பேட்டரியில் குமிழியும் வராது, அமிலமும் கலக்காது. ஒரு குறை இன்னொரு குறையைக் கூட்டி வருகிறது.

வெப்பம் இரண்டு விதமாகத் தொல்லை தரும். சூட்டில் வேதிவினைகள் வேகமாகும், பத்து டிகிரி கூடினால் ஆயுள் பாதியாகும் என்பது துறையில் எல்லாரும் வைத்துக்கொள்ளும் கணக்கு. ஆகவே கான்கிரீட் மாடிப்படி அடியில், காற்றோட்டம் இல்லாத தகரப் பெட்டிக்குள் பேட்டரியைப் பூட்டி வைப்பது கொடுமை. மறுபக்கம், சார்ஜ் வோல்ட்டும் வெப்பத்துக்கு ஏற்ப மாற வேண்டும். ஒரு டிகிரிக்குச் செல்லுக்கு 3 முதல் 5 மில்லிவோல்ட். 25 டிகிரிக்கு வைத்த 14.4 வோல்ட், மதுரைக் கோடையில் 35 டிகிரியில் 14.1 ஆகக் குறைய வேண்டும். ஊட்டியில் ஜனவரி இரவுக் குளிரில் ஊறி எட்டு டிகிரியில் இருக்கும் பேட்டரிக்கோ ஏறக்குறைய அரை வோல்ட் கூட்டிக் கொடுக்க வேண்டும். வெப்ப உணரி இல்லாத ஒரே கன்ட்ரோலரை இரண்டு ஊரிலும் மாட்டினால் ஒன்றில் தண்ணீர் வற்றும், மற்றதில் சல்ஃபேட் ஏறும்.

புதுப்பிக்கத்தக்க ஆற்றலுக்கான பேட்டரிகளுக்கென்றே சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம் வகுத்த 61427 என்ற தரவரையறை இந்த அரைவயிற்று நிலையைக் கணக்கில் எடுத்துக்கொள்கிறது. 40 டிகிரி சூட்டில், முதலில் குறைந்த சார்ஜ் நிலையிலேயே 50 சுற்று, பிறகு நிறைந்த நிலையில் 100 சுற்று என்று பேட்டரியை வதைத்துப் பார்க்கும் சோதனை அதில் உண்டு. இந்தியத் தரநிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 16270 சூரிய மின்சாரத்துக்கான பேட்டரிகளுக்குரியது. வாங்கும்போது இந்த எண்ணைக் கேட்பதில் தவறில்லை.

தடுப்பு முறைகளில் மிக எளியது, மின்சார இணைப்புள்ள வீடுகளுக்கு ஏற்றது ஒன்று இருக்கிறது. ஆனால் அதைத்தான் யாரும் செய்வதில்லை. ஹைபிரிட் இன்வெர்ட்டர்களில் மின்கட்டணத்தை மிச்சப்படுத்த வேண்டும் என்று சூரியனுக்கே முதலிடம் கொடுத்து, மின்வாரிய மின்சாரத்திலிருந்து சார்ஜ் ஏறுவதை அடைத்துவிடுகிறார்கள். பேட்டரி வாரக்கணக்கில் 50க்கும் 80 சதவீதத்துக்கும் இடையே ஊசலாடுகிறது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை, இரவு முழுக்க மின்வாரிய மின்சாரத்தில் ஏற விட்டு நிறைத்துவிட்டால் போதும். அதற்கு ஓரிரு யூனிட் ஆகும். இதை மிச்சம் பிடிப்பவர்கள் பேட்டரியின் விலையில் இழக்கிறார்கள்.

இணைப்பே இல்லாத இடங்களில் சமன் சார்ஜ் தேவை. மாதம் ஒருமுறை, நல்ல வெயில் நாளில், லோடையெல்லாம் நிறுத்திவிட்டு 15.5 வோல்ட்டை ஒட்டிய அழுத்தத்தில் சில மணி நேரம் கொதிக்க விடுவது. கிராவிட்டி மூன்று முறை, மணிக்கொரு தரம் பார்த்தும் மாறவில்லை என்றால் நிறுத்திவிடலாம். தயாரிப்பாளர் குறித்த அளவே முதன்மை. இது மூடி திறந்து தண்ணீர் ஊற்றும் வகைக்கு மட்டும் உரியது.

தண்ணீர் விஷயத்தில் இரண்டு சொல். ஊற்ற வேண்டியது ஐ.எஸ். 1069 தரத்தில் உள்ள காய்ச்சி வடித்த நீர். ஆர்.ஓ. தண்ணீரிலும் குளோரைடு மிச்சமிருக்கும், அது நேர்மின் தகட்டின் கம்பியை அரிக்கும். இரும்பு கலந்த நீர், பேட்டரி சும்மா இருக்கும்போதே அதன் சார்ஜைக் கரைக்கும். கிராவிட்டி குறைவாக இருக்கிறது என்று ஆசிட் ஊற்றுகிற வழக்கம் இன்னும் சில பட்டறைகளில் இருக்கிறது. அதைப் போலக் கேடு வேறில்லை. காணாமல் போன அமிலம் தகட்டில் சல்ஃபேட்டாக உட்கார்ந்திருக்கிறது. மேலே ஆசிட் ஊற்றினால் ஹைட்ரோமீட்டர் நல்ல எண்ணைக் காட்டும், சல்ஃபேட் இன்னும் கரையாமல் போகும்.

இனி மீட்பு. முதலில் நோய் சல்ஃபேட்தானா என்று பார்க்க வேண்டும். சார்ஜரைப் போட்டவுடன் வோல்ட் தாவி ஏறுவது, சீக்கிரமே குமிழி விடுவது, சூடாவது, கிராவிட்டி மட்டும் நகராமல் நிற்பது, லோடு கொடுத்ததும் விழுந்துவிடுவது, இவை எல்லாச் செல்லிலும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருந்தால் சல்ஃபேட். ஒரே ஒரு செல் மட்டும் குமிழி விடாமல் தாழ்ந்திருந்தால் உள்ளே ஷார்ட். கிராவிட்டி நன்றாக இருந்தும் பேக்கப் நிற்கவில்லை, அமிலம் பழுப்பாகக் கலங்கியிருக்கிறது என்றால் தகட்டின் பொருளே உதிர்ந்துவிட்டது. பின்னிரண்டுக்கும் மருந்து கிடையாது.

சல்ஃபேட்டுக்கு, அறியப்பட்ட வழிகளில் மிகப் பழையதும் நம்பத்தக்கதும் மெதுவான நீண்ட சார்ஜ். அமெரிக்காவின் தேசியத் தர அளவீட்டுக் கழகத்தில் பணியாற்றிய ஜார்ஜ் வினல் 1924இல் முதலில் வெளியிட்ட பேட்டரி நூல் நெடுங்காலம் இத்துறையின் பாடநூலாக இருந்தது. அந்தத் தலைமுறைக்கே தெரிந்த முறை இது. குறைந்த மின்னோட்டத்தில், படிகம் கரையும் வேகத்துக்கு ஈடுகொடுத்து, நாள்கணக்கில் ஏற்றுவது. எங்கள் பேட்டரியை இன்வெர்ட்டரிலிருந்து முற்றாகக் கழற்றி, ஒரு திறந்த கொட்டகையில் வைத்து, மின்வாரிய மின்சாரத்தில் 5 ஆம்பியரில் விட்டேன். முதல் நாள் வோல்ட் உடனே 15ஐத் தாண்டியது, கிராவிட்டி அசையவில்லை. இரண்டாம் நாள் இரவு 1.180. மூன்றாம் நாள் 1.205. பிறகு பல்புகளை மாட்டிப் பாதிவரை இறக்கி, மறுபடி அதே போல ஏற்றினேன். மூன்று சுற்றுக்குப் பின் ஐந்து செல்கள் 1.225க்கும் 1.235க்கும் இடையே நின்றன, கடைசிச் செல் 1.210இல் நின்றுவிட்டது. நூறு வாட் லோடில் முன்பு நான்கு மணி நேரம் நின்றது, இப்போது பதினொரு மணி நேரம் நின்றது. எல்லாம் திரும்பிவிடவில்லை. ஆனாலும் அந்தப் பேட்டரி இன்னும் இரண்டாண்டு உழைத்தது.

இதைச் செய்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. குமிழி விடுவது ஹைட்ரஜன். காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே தீப்பொறியில் வெடிக்கும். மூடிய அறை கூடாது, பீடி கூடாது, கம்பியைக் கழற்றும் முன் சார்ஜரை அணைக்க வேண்டும். கண்ணாடி போடாமல் குனியவே கூடாது. பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீரும் சமையல் சோடாவும் இருக்கட்டும். பேட்டரி 50 டிகிரியைத் தொட்டால் நிறுத்தி ஆறவிட வேண்டும்.

வேறு இரண்டு முறைகளும் பேசப்படுகின்றன. ஒன்று, அமிலத்தை வடித்துவிட்டுத் தண்ணீர் ஊற்றிச் சார்ஜ் செய்வது. ஈய சல்ஃபேட் அடர்ந்த அமிலத்தைவிடத் தண்ணீரில் பத்து மடங்குக்கு மேல் கரையும் என்பதால் இதன் வேதியியல் சரிதான். ஆனால் அப்படிக் கரைந்த ஈயம் சார்ஜின்போது தகடுகளுக்கு இடையே நூலாக வளர்ந்து ஷார்ட் ஆக்கிவிடும். வடித்த அமிலத்தில் ஈயமும் இருக்கும், அதை எங்கே கொட்டுவது? வீட்டில் செய்யத் தக்கதல்ல. மற்றது இ.டி.டி.ஏ. என்ற வேதிப்பொருள். ஈயத்தைப் பற்றிக்கொண்டு கரைக்கும் அது, நல்ல ஈய டை ஆக்சைடையும் விட்டுவைப்பதில்லை. பழுதான பொருளை மட்டும் தேடிக் கரைக்க அதற்குத் தெரியாது.

பொடி கலக்கும் மருந்துகளின் கதை நீண்டது. அதில் ஒன்று அமெரிக்க அரசையே உலுக்கியது. கலிஃபோர்னியாவின் ஓக்லண்டில் ஜெஸ் ரிட்சி என்பவர் ஏ.டி.-எக்ஸ் 2 என்ற பொடியை விற்றார். சோடியம் சல்ஃபேட்டும் மக்னீசியம் சல்ஃபேட்டும் அதன் முக்கியச் சரக்கு. செத்த பேட்டரிக்கு உயிர் வரும் என்று பயன்படுத்தியவர்கள் பலர் சான்று சொன்னார்கள். தேசியத் தர அளவீட்டுக் கழகம் சோதித்துவிட்டுப் பயனில்லை என்றது. 1953 மார்ச்சில் வணிகத் துறைச் செயலர் சிங்க்ளேர் வீக்ஸ், கழக இயக்குநர் ஆலன் ஆஸ்டினைப் பதவி விலகச் சொன்னார். சந்தையில் மக்கள் வாங்குகிறார்களே, அதை ஏன் மதிக்கவில்லை என்பது அரசியல் தரப்பின் வாதம். விஞ்ஞானிகள் கொதித்தெழுந்தார்கள். ஆஸ்டின் பதவியில் நீடித்தார். அதே ஆண்டு இறுதியில் தேசிய அறிவியல் கழகத்தின் குழுவும் பொடியால் பயனில்லை என்றே அறிக்கை தந்தது. ஆஸ்டின் 1969 வரை இயக்குநராக இருந்தார்.

இதைப் பழங்கதை என்று ஒதுக்க முடியாது. மக்னீசியம் சல்ஃபேட் என்பது நம் மருந்துக்கடைப் பேதி உப்புதான். அதைக் கரைத்து ஊற்றினால் பேட்டரி பிழைக்கும் என்று இன்றும் காணொளிகள் சொல்கின்றன. ஏற்கெனவே சல்ஃபேட் நிறைந்த கரைசலில் இன்னும் சல்ஃபேட்டைச் சேர்த்தால் ஈய சல்ஃபேட்டின் கரைதிறன் குறையுமே தவிர ஏறாது. அப்படியென்றால் சான்று சொன்னவர்கள் பொய் சொன்னார்களா? இல்லை. பொடியைப் போட்டவர்கள் எல்லாரும் கூடவே நிதானமாக ஒரு நீண்ட சார்ஜும் செய்தார்கள். பிழைக்க வைத்தது அந்தச் சார்ஜ், பெயர் பொடிக்கு.

மின்துடிப்புக் கருவிகளையும் நான் இதே கண்ணோடுதான் பார்க்கிறேன். 2000ஆம் ஆண்டில் ‘ஹோம் பவர்’ என்ற அமெரிக்க இதழில் அலஸ்டேர் கூப்பர் வெளியிட்ட சுற்றுப்படத்தைப் பார்த்து உலகெங்கும் ஆர்வலர்கள் இவற்றைச் செய்தார்கள். இன்று சில நூறு ரூபாய்க்கும் கிடைக்கின்றன. குறுகிய, உயர்ந்த துடிப்பு படிகத்தை அதிர வைத்து உடைக்கும் என்பது விளம்பரம். படிகம் உடைந்தால் மட்டும் ஆவது ஒன்றுமில்லை. அது வேதிவினையால் ஈயமாகத் திரும்ப வேண்டும். ஒரு ஆம்பியர்-மணிக்கு 11 கிராம் என்ற கணக்கை யாரும் தாண்ட முடியாது. வெளியிலிருந்து சார்ஜ் வராமல், பேட்டரியிலிருந்தே மின்சாரம் உறிஞ்சித் துடிக்கும் கருவி அதை இன்னும் காலிதான் செய்யும். சார்ஜரோடு சேர்ந்து வாரக்கணக்கில் மாட்டி வைத்தால் பலன் தெரியலாம். அப்போது பலன் துடிப்பினாலா, வாரக்கணக்கான மெதுச் சார்ஜினாலா என்று அறிய, அதே அளவு பழுதான இன்னொரு பேட்டரிக்குத் துடிப்பில்லாத சார்ஜ் கொடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். விற்பவர்கள் அந்த ஒப்பீட்டைக் காட்டுவதில்லை. தீங்கில்லாத துணை என்பதற்கு மேல் அதற்கு நான் மதிப்பெண் தர மாட்டேன்.

மூடி திறக்காத வகைப் பேட்டரிகளுக்கு நிலைமை கடினம். அவற்றில் நேர்மின் தகட்டில் எழும் ஆக்சிஜன் எதிர்மின் தகட்டுக்குப் போய்ச் சேர்ந்து மீண்டும் நீராகிறது. தண்ணீர் ஊற்றத் தேவையில்லை என்ற வசதி அதனால்தான். ஆனால் அந்த ஆக்சிஜன் எதிர்மின் தகட்டின் சார்ஜையும் தின்றுவிடுகிறது. எனவே சல்ஃபேட் முதலில் அங்கேதான் கெட்டியாகிறது. நீண்ட மிகைச் சார்ஜ் கொடுத்தால் உள்ளே ஈரம் வற்றிவிடும். கிராவிட்டி பார்க்கவும் முடியாது. சில மணி நேரம் ஓய்வு கொடுத்து வோல்ட்டைப் பார்ப்பது ஒன்றே வழி. அரைவயிற்றுச் சார்ஜ் உறுதி என்று தெரிந்த இடத்தில் இந்த வகையை வாங்காமல் இருப்பதே மேல்.

ஆய்வுலகம் இந்த எதிர்மின் தகட்டைத்தான் பல பத்தாண்டுகளாகக் குறிவைத்திருக்கிறது. முற்காலத்தில் தகடுகளுக்கு இடையே மரச் சீவல்களை வைத்தார்கள். ரப்பருக்கு மாறியதும் எதிர்மின் தகட்டின் திறன் விழுந்தது. மரத்திலிருந்து கசிந்த லிக்னின்தான் ஈயம் கட்டிதட்டாமல் காத்திருக்கிறது என்று பிறகுதான் புரிந்தது. இன்றும் லிக்னின் சார்ந்த பொருளும், பேரியம் சல்ஃபேட்டும், கரிப்பொடியும் எதிர்மின் பசையில் சேர்கின்றன. பேரியம் சல்ஃபேட்டின் படிக அமைப்பு ஈய சல்ஃபேட்டை ஒத்தது. ஆயிரக்கணக்கான வித்துகளாக அது நின்று, சல்ஃபேட்டைச் சிறு சிறு படிகங்களாகவே விளைய வைக்கிறது. 1997இல் ஜப்பானின் ஷியோமி குழுவினர் கரியின் அளவைக் கூட்டினால் அரைச்சார்ஜ் நிலையில் ஆயுள் நீள்வதைக் காட்டினார்கள். பல்கேரியாவின் டெச்கோ பாவ்லோவ் அது ஏன் என்பதை விரிவாக ஆராய்ந்தார். ஆஸ்திரேலியாவின் சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. நிறுவனத்தில் லான் லாம் குழுவினர் எதிர்மின் தகட்டோடு கரி மின்தேக்கியையே இணைத்து ‘அல்ட்ராபேட்டரி’ செய்தார்கள். டாஸ்மேனியாவின் கிங் தீவில் காற்றாலை மின்சாரத்தைச் சமன்செய்ய அது பயன்பட்டது. நம் காரைக்குடியில், அழகப்பச் செட்டியார் கொடுத்த நிலத்திலும் நிதியிலும் எழுந்து 1953இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனமும் பேட்டரி ஆய்வுக்குப் பெயர் பெற்றது. இவ்வளவு அறிவு பக்கத்திலேயே இருக்க, பேட்டரிக் கடைக்கும் வீட்டுக்காரருக்கும் பயன்படும் ஒரு பக்கத் தமிழ்க் கையேடு நான் இதுவரை எந்தக் கடையிலும் பார்த்ததில்லை என்பது எனக்கு வருத்தம்.

பேட்டரியின் ஆயுள் ஒரு வீட்டின் செலவுக் கணக்கு மட்டும் அல்ல. 150 ஆம்பியர்-மணி பேட்டரி 50 கிலோவுக்கு மேல் எடை, அதில் பாதிக்கு மேல் ஈயம். யுனிசெஃப்பும் பியூர் எர்த் அமைப்பும் 2020இல் வெளியிட்ட அறிக்கை, உலகக் குழந்தைகளில் மூன்றில் ஒருவருக்கு, 80 கோடிப் பேர் வரை, இரத்தத்தில் டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராமோ அதற்கு மேலோ ஈயம் இருப்பதாகச் சொன்னது. முறையற்ற பேட்டரி உடைப்பை அதற்கு முக்கியக் காரணமாகக் காட்டியது. இந்தியாவில் 2001இலும் பிறகு 2022இலும் பேட்டரிக் கழிவு விதிகள் வந்தன. வங்கதேசத்தில் 2003 முதல் அரசு நிதி நிறுவனத்தின் திட்டத்தால் 40 லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளில் சூரிய விளக்கு வந்தது, அத்தனைக்கும் ஈய பேட்டரிகள் தேவைப்பட்டன. ஒவ்வொன்றும் ஓராண்டு கூடுதலாக உழைத்தால் உருக்கும் உலைக்குப் போகும் ஈயம் எவ்வளவு குறையும் என்பதை நாமே கணக்கிடலாம்.

லித்தியம் இரும்பு பாஸ்ஃபேட் பேட்டரி வந்துவிட்ட பிறகு இந்தப் பேச்சு எதற்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. லித்தியத்துக்குச் சல்ஃபேட் இல்லை, அரைவயிறு அதற்குப் பிடித்த நிலையே. தினமும் நிறைக்க வழியில்லாத இடத்தில், பணம் இருந்தால், அதையே வாங்குங்கள் என்பேன். ஆனால் இப்போது வீடுகளில் உழைத்துக்கொண்டிருக்கும் ஈய பேட்டரிகளை நாளையே யாரும் தூக்கி எறியப் போவதில்லை. முதல் ஆறு மாதத்தில் கண்டுபிடித்த சல்ஃபேட் பெரும்பாலும் திரும்பும். மூன்றாண்டு விட்டது ஓரளவு திரும்பும். காலியாகவே ஓராண்டு கிடந்தது திரும்பாது.

உங்கள் வீட்டில் மூடி திறக்கும் பேட்டரி இருந்தால் சில நூறு ரூபாய்க்கு ஒரு ஹைட்ரோமீட்டர் வாங்குங்கள். நல்ல வெயில் அடித்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, பொழுது சாயும் முன், லோடையெல்லாம் நிறுத்திவிட்டு, ஆறு செல்லின் கிராவிட்டியையும் ஒரு பழைய நோட்டில் தேதியோடு எழுதி வையுங்கள். மாதம் ஒருமுறை போதும், பத்து நிமிட வேலை. புதுப் பேட்டரி என்றால் முதல் ஆறு எண்களையும் கடைக்காரர் இருக்கும்போதே எடுத்துவிடுங்கள்.